குறிப்புக் கட்டத்தில் ஓர் இறக்கை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொன்னபோது நீ சிரித்தாய். சிரிக்கவில்லை, இருமினேன் என்பாய். ஐம்பது வருடமாக உன் சிரிப்பையும் கேட்கிறேன், இருமலையும் கேட்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரியும். அதனால் இந்த விஷயத்தை இனிப் போனில் பேசுவதாக இல்லை. உங்கள் அருங்காட்சியகம் இப்படிப்பட்ட தகவல்களை எழுத்தில் மட்டும்தான் வாங்கிக்கொள்ளும் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். இதோ, எழுத்தில் தருகிறேன்.

போன மாதம் பேப்பரில் வந்ததை நீயும் பார்த்திருப்பாய். அணைக்கு மேலே மீன் பிடிக்கும் இரண்டு பேர் பறக்கும் பல்லியைப் பார்த்ததாகச் சொல்ல, நிருபர் அதை அப்படியே எழுத, யாரோ ஓர் ஓவியர் பல்லும் நகமுமாகப் படம் போட்டிருந்தார். எங்கள் கேன்டீனில் அந்தப் பேப்பரைச் சத்தமாகப் படித்துக் கிண்டல் செய்தவனே நான்தான். ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்னால் செத்துப்போனது இங்கே வந்து கெண்டை பிடிக்கிறதாக்கும் என்றேன். அந்த வாய்தான் இப்போது வசமாக மாட்டிக்கொண்டது.

பிப்ரவரி 27. மாலை ஆறு மணி நீர்மட்ட அளவு எடுக்க வழக்கம்போலக் கொஞ்சம் முன்னாலேயே அணைப் படியிறங்கி நின்றேன். வெயிலில் தண்ணீர் பளபளத்தது. 5.52க்கு, இடது பக்கம் மேலே, ஒரு பெரிய கரிய இறக்கை வந்தது. இறக்கை மட்டும்தான். உடம்பு அதற்கும் மேலே எங்கேயோ இருந்திருக்க வேண்டும். இறகு இல்லை. ஓரம் வளைந்து, கொடியில் கிடக்கும் ஈரத்துணி போல லேசாக அலைந்தது. சத்தமே இல்லை. தலையை நிமிர்த்தினேன், அது இன்னும் மேலே போய்விட்டது.

என் வேலை உனக்குத் தெரியும். அளவுகோலில் தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறதோ அதை அங்கேயே நின்று எழுத வேண்டும். அறைக்குப் போய் யோசித்து எழுதினால் அது அளவு இல்லை, கதை. ஒரு நாளைக்கு மூன்று முறை, இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன். நோட்டில் கடைசியாகக் குறிப்புக் கட்டம் ஒன்று உண்டு. மரக்கிளை மிதந்தது, காற்று பலமாக இருந்தது, கோலில் பாசி பிடித்திருக்கிறது, இப்படி எதையாவது எழுதுவோம். அன்றைக்கு அதில், "5.52. இடது மேற்புறம் பெரிய கரிய இறக்கை. இறகு இல்லை. ஓசை இல்லை" என்று எழுதினேன்.

மறுநாள் நோட்டு இன்ஜினியர் மேஜைக்குப் போனது. கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னய்யா இது?"

"பார்த்ததை எழுதினேன் சார்."

"பல்லி பறக்குறதைப் பார்க்குற கண்ணு, ஸ்கேல்ல இருக்குற நம்பரை எப்படிய்யா பார்க்கும்? மழை வந்தா உன் நம்பரை நம்பித்தான் நான் மதகைத் திறக்கணும்."

நியாயமான கேள்விதான், அதனால்தான் எனக்குக் கோபம் வரவில்லை. மாத முடிவுக்குள் தகுந்த இடத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். அது இன்னதென்று நீங்கள் சொல்ல வேண்டாம். இந்த ஆள் எதையோ பார்த்திருக்கிறான், பார்த்ததை ஒழுங்காகச் சொல்கிறான் என்று எழுதினால் போதும். கடிதம் வராவிட்டால் என்னை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிவிடுவார். மிச்ச எட்டு வருடமும் பைப்புக்கும் நட்டுக்கும் காவல் இருக்க வேண்டியதுதான்.

நான் டெரோசாரை, அந்தப் பறக்கும் பல்லியை, பார்த்தேன் என்று சொல்லவில்லை அக்கா. ஓர் இறக்கையைப் பார்த்தேன் என்று சொல்கிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உனக்கே தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியப்போகிறது?

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 7

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

இருமினேன். சத்தியமாக. சரி, முதலில் இருமல், அப்புறம் கொஞ்சம் சிரிப்பு. அதற்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதா?

என் பாடு உனக்குத் தெரியாது. பேப்பரில் அந்தப் படம் வந்த நாளிலிருந்து முப்பத்தொரு கடிதம் வந்திருக்கிறது. என் மேஜை பெரிய கூடத்தின் மூலையில், மாடிப்படிக்குக் கீழே. நேர் மேலே டெரோசாரின் பிளாஸ்டர் எலும்புக்கூடு கம்பியில் தொங்குகிறது. வாரம் ஒருமுறை ஒட்டடைக் கம்பால் அதைத் தூசி தட்டுவதும் நான்தான். அதற்குக் கீழேயே உட்கார்ந்து, அதை உயிரோடு பார்த்தவர்களின் கடிதங்களைப் பிரிக்கிறேன். ஒரு லாரி டிரைவரின் கண்ணாடியில் அது மோதிவிட்டுப் போனதாம். ஒரு டீச்சர் மாடியில் காயப்போட்ட போர்வையைத் தூக்கிக்கொண்டு போனதாம். இன்னொருவர் அதன் முட்டையையே பார்சலில் அனுப்பிவிட்டார். வாத்து முட்டை. வரும் வழியில் உடைந்து, அந்த மேஜை டிராயர் இன்னும் நாறுகிறது.

பழைய ரெஜிஸ்டர்களையும் புரட்டினேன். எழுபது வருடமாக விட்டு விட்டு வருகிறது இந்தக் காய்ச்சல். சதுப்பு நிலத்தில் ஒரு நில அளவையாளர், கப்பலில் ஒரு சமையல்காரர், மலைப்பாதையில் தபால்காரர். பொய் சொல்கிற ஆட்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. ஆனால் விசாரித்தால் கடைசியில் பழந்தின்னி வௌவால், இல்லையென்றால் கூழைக்கடா, அதுவும் இல்லையென்றால் அறுந்த பட்டம்.

நீ கேட்கும் கடிதம் கிடைப்பது கஷ்டம். முன்பு ஒருமுறை எங்கள் ஆபீஸில் ஒருவர், "இன்னதென்று தெரியவில்லை" என்று பதில் எழுதிவிட்டார். மறுநாள் பேப்பரில், "அருங்காட்சியகமே மறுக்கவில்லை!" அன்றிலிருந்து இயக்குநர் உத்தரவு, "தெரியவில்லை" என்ற வார்த்தை வாசலைத் தாண்டக் கூடாது. அச்சடித்த பதில் ஒன்று இருக்கிறது, அதில் கட்டங்கள் இருக்கின்றன, ஒன்றில் டிக் போட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். இருந்தாலும் உனக்காகப் பேசிப் பார்க்கிறேன். இத்துடன் இருக்கும் படிவத்தை நிரப்பி அனுப்பு.

அதற்குள் நீ ஒரு காரியம் செய். ஏழு வயதிலிருந்து அந்தத் தடிக் கண்ணாடியைப் போட்டிருக்கிறாய், ஒருநாளாவது நீ அதைத் துடைத்து நான் பார்த்ததில்லை. கழற்றி நன்றாகத் துடை. பாதிப் பல்லி அதிலேயே போய்விடும்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

கண்ணாடியைத் துடைத்தேன். போகவில்லை.

படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். தபாலில் தொலைந்துவிடக் கூடாது என்று அதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன். என் பழக்கம் உனக்குத் தெரிந்ததுதானே, எதற்கும் இரண்டு நகல்.

முன்பக்கம்:

பார்த்தவரின் தொழில்: நீர்மட்டம் அளப்பவர்.
எத்தனை முறை: இன்றோடு ஒன்பது.
நிறம்: கருப்பு. ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு.
இறக்கையின் நீளம்: தெரியாது. பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லை. அளக்க முடியாததை எழுத மாட்டேன்.
தெரிந்த எந்த உயிரினத்தை ஒத்திருந்தது: வௌவாலின் இறக்கை. ஆனால் வௌவால் இல்லை.

பின்பக்கம், "வேறு ஏதாவது கவனித்தீர்களா" என்ற இடத்தில்:

மாலையில் மட்டும்தான் வருகிறது. காலை ஆறு மணி அளவின்போது ஒருநாள்கூட வந்ததில்லை. எப்போதும் இடது மேற்புறம்தான். வடக்கே பார்த்து நின்றாலும் இடது, தெற்கே பார்த்து நின்றாலும் இடது. திரும்பினால் அதுவும் திரும்புகிறது, ஒருமுறைகூட என் முன்னால் வந்ததில்லை. தண்ணீரில் அதன் நிழல் விழவில்லை. நான்கு முறை வாட்ச்மேன் என் பக்கத்திலேயே நின்றார். அவருக்கு எதுவும் தெரியவில்லை என்கிறார். முதல் தடவை வருவதற்கு இரண்டு நாள் முன்னால், சுத்தமான வானத்தில் ஓரமாக மின்னல் வெட்டியது, இரண்டு மூன்று முறை. அப்புறம் கொசுக்கூட்டம்போலக் கரும்புள்ளிகள். அது தின்னும் பூச்சிகளாக இருக்கும் என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன், அது என் ஊகம்தானே. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ இறங்குகிறது.

பின்பக்கத்தில் இடம் போதவில்லை, பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருக்கிறேன். கஷ்டப்பட்டாவது படித்துவிடு. என் கடிதத்தைப் பத்திரமாக வை, படிவம் எங்கேயாவது போய்விட்டால் உதவும்.

மாத முடிவு நெருங்குகிறது.

தம்பி


மார்ச் 14

அன்புடையீர்,

தாங்கள் அனுப்பிய தகவலுக்கு நன்றி. தங்கள் படிவம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் கண்டது:

[✓] வௌவால்
[  ] நீர்ப்பறவை
[  ] பட்டம் அல்லது அது போன்ற பொருள்
[  ] ஒளியின் தோற்றம்

இயற்கையின் மீது தாங்கள் காட்டும் ஆர்வம் பாராட்டுக்குரியது.

இப்படிக்கு,
தகவல் பிரிவு

(ஓரத்தில் பென்சிலில்: தம்பி, இயக்குநர் முடியாது என்றுவிட்டார். என்னால் ஆனது இவ்வளவுதான். கோபிக்காதே. இன்னும் பதினெட்டு கடிதம் பாக்கி, தலை வலிக்கிறது. அப்புறம் எழுதுகிறேன்.)


மார்ச் 17

அன்புடையீர்,

தங்கள் கடிதம் நேற்றைய பஸ்ஸில் வந்து சேர்ந்தது. நன்றி.

உனக்கு இருப்பது ஒரே தம்பி. அவனுக்கு "அன்புடையீர்" என்று எழுத எப்படிக் கை வந்தது? அச்சடித்தது அப்படி என்பாய். அடித்துவிட்டுத் "தம்பி" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

வௌவால் இல்லை என்று எழுதியிருந்தேன். அதே வரியில். வௌவால் என்ற வார்த்தையைப் பார்த்ததும் டிக் போட்டுவிட்டாய். பின்பக்கத்தைத் திருப்பினாயா? நிஜமாகச் சொல். திருப்பவே இல்லை. திருப்பியிருந்தால் ஏதாவது கேட்டிருப்பாய். ஏன் காலையில் வருவதில்லை என்று கேட்டிருப்பாய். இரண்டாவது படிக்கும்போதே "ஏன்? ஏன்?" என்று வீட்டை இரண்டாக்கியவள் நீ.

இன்ஜினியர் அந்தத் தாளை இரண்டு விரலால் பிடித்துப் படித்தார். "உங்க அக்காவே வௌவால்னு எழுதிட்டாங்க, அப்புறம் என்னய்யா?" என்றார். கேன்டீனில் என்னைப் பார்த்ததும் எல்லோரும் கையை விரித்துப் பறந்து காட்டுகிறார்கள். நான் ஆரம்பித்து வைத்த கிண்டல்தான், எனக்கே திரும்பி வந்திருக்கிறது.

இன்றிலிருந்து ஸ்டோர் ரூம். அளவு நோட்டைப் புது ஆளிடம் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது கை கூசியது.

இனி எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

நீர்மட்டம் அளந்தவன்


ஏப்ரல் 6

(உறையின் மேல்: வாட்ச்மேன் ஐயா, அவன் இதைப் பிரிக்க மாட்டான். தயவுசெய்து நீங்களே பிரித்து, அவன் எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து, சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.)

தம்பி,

கோபத்தை அப்புறம் வைத்துக்கொள். முதலில் இதைக் கேள். நீ பார்த்தது வானத்தில் இல்லை. உன் இடது கண்ணுக்குள் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் பஸ் ஏறிக் கண் ஆஸ்பத்திரிக்குப் போ.

பறக்கும் பல்லிக் கடிதங்களை வைத்து ஒரு சின்னக் கண்காட்சி போடலாம் என்று இயக்குநர் சொன்னார். அதற்காக எல்லாவற்றையும் இன்று எடுத்தோம். கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னணித் திரை வரையும் ஓவியர் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் சிரிக்கட்டும் என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆமாம், உன்னுடையதையும்தான். இன்றைக்குத்தான், இத்தனை நாள் கழித்து, பின்பக்கத்தைத் திருப்பினேன்.

மின்னல் என்று படித்தபோது அவர் தூரிகையை நிறுத்தினார். கரும்புள்ளி என்றதும் கீழே வைத்துவிட்டார். "மேல படிங்கம்மா" என்றார். படித்து முடித்ததும், "எழுதினவரு தடிக் கண்ணாடி போடுவாரா?" என்றார். ஏழு வயதிலிருந்து என்றேன்.

"இது பறவை இல்லம்மா. எனக்கும் வந்துச்சு. உள்ள இருக்குற விழித்திரை பெயர்ந்து தொங்கும். அதோட நிழல்தான் இப்படித் தெரியும். ராத்திரி முழுக்கப் படுத்திருந்தா காலையில கொஞ்சம் ஒட்டினாப்பல இருக்கும். பகலெல்லாம் நின்னா சாயங்காலம் தொங்கும். நான் நாலாம் நாளே ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன், அதனால தப்பிச்சேன். அவரு எப்பப் பார்த்தாராம்?"

பிப்ரவரி 27 என்று சொன்னேன். அவர் விரல் விட்டு நாளை எண்ணினார்.

உன் கேன்டீனுக்குப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. இன்ஜினியர் ஆபீஸில் எடுத்த குமாஸ்தா, நீ ஒரு வாரமாக லீவு என்றார். ஏன் லீவு? எதிலாவது இடித்துக்கொண்டாயா? மாமா டிக்கெட் வாங்கப் போயிருக்கிறார். நாளை மறுநாள் அங்கே இருப்பேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிட்டால் எனக்காகக் காத்திருக்காதே. போ.

அக்கா


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன். மூன்று முறை பேசினாய், மூன்றும் நர்ஸிடம். ஆபரேஷன் முடிந்து இடது கண் கட்டைப் பிரித்த அன்று டாக்டர் இரண்டு விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார். "கை எங்க இருக்கு சார்?" என்று கேட்டாய். நான் வராந்தாவுக்கு ஓடிவிட்டேன். அழுதுவிட்டு முகம் கழுவி வந்து, தண்ணீர் பிடிக்கப் போனதாகச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டாய்.

வலது கண்ணுக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்னதை நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். லேசர் வைத்து ஓரத்தைப் பத்திரப்படுத்திவிட்டார்களாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டுவதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

மன்னித்துவிடு என்று எழுதிக் கிழித்துப்போட்ட தாள்கள் ஐந்தாறு இருக்கும். அந்த வார்த்தை எதற்கும் காணாது. நீ எனக்கு எல்லாமே எழுதியிருந்தாய். ஒரு டாக்டர் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விக்கும் பதில் அதில் இருந்தது. படிவத்தில் ஒருமுறை, கடிதத்தில் ஒருமுறை, எதற்கும் இரண்டு நகல் என்று. கடிதத்தில் கண்ணாடி துடைத்த வரியைப் படித்துச் சிரித்துவிட்டு, மிச்சமெல்லாம் படிவத்தில் இருக்குமே என்று மடித்துவிட்டேன். படிவத்தில் வௌவால் வரைக்கும் வந்து நிறுத்திவிட்டேன். வேலை அதிகம்தான், தலைவலிதான். ஆனால் நிஜம் அது இல்லை. நீ சொன்னால் அது தமாஷாகத்தான் இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே ஒரு நினைப்பு எனக்கு. யாரோ ஒருவர் எழுதியிருந்தால் பின்பக்கம் திருப்பியிருப்பேன். தம்பி என்பதால் திருப்பவில்லை.

கண்ணாடியைத் துடை என்று வேறு எழுதினேன். அதையே விளையாட்டாக இல்லாமல், ஒரு நடை கண் டாக்டரிடம் போய் வா என்று எழுதியிருக்கக் கூடாதா?

ஒன்று கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் நீ என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு டாக்டரிடம் தனியாகப் பேசினாய். எந்தத் தேதிக்குள் வந்திருந்தால் கண் பிழைத்திருக்கும் என்றுதான் கேட்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும், அதைக் கேட்காமல் நீ எழுந்திருக்க மாட்டாய். அந்தத் தேதியை எனக்குச் சொல். மாமா கேட்காதே என்கிறார். ஆனால் தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. உனக்குத் தப்பான எண் எழுத வராது என்பதால்தான் உன்னிடமே கேட்கிறேன்.

அக்கா


மே 12

அக்கா,

எழுத்து பெரிதாக இருக்கிறது, வரி கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். பேனா தாளைத் தொட்டதா இல்லையா என்று தொட்ட பிறகுதான் தெரிகிறது. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி மேஜைக்குப் போகிறது. பழகிவிடும் என்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் உன்னோடு பேசாததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. வாயைத் திறந்தால் உன்னை ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயம். நீ தண்ணீர் பிடிக்கப் போனதாகச் சொன்ன அன்று கையில் செம்பே கொண்டுபோகவில்லை. அந்த அளவுக்கு வலது கண் நன்றாகத்தான் இருக்கிறது.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். மார்ச் 20. அதுவரை நிழல் நடுப்பார்வையைத் தொடவில்லை. நான் சொன்ன அளவுகளை வைத்து டாக்டர் கணக்குப் போட்டார். இரண்டு நாள் முன்னே பின்னே இருக்கலாம், உத்தேசம்தான் என்றார். உன் அச்சுக் கடிதம் எனக்குக் கிடைத்தது 16. அது மருந்துச் சீட்டாக வந்திருந்தால் நான்கு நாள் இருந்தது.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. போகவில்லை. குறைந்திருக்கிறது. இந்த மாதம் இவ்வளவு என்று எழுதலாம், அடுத்த மாதம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இறக்கை இப்போது வருவதில்லை. அது இருந்த இடத்தில் எதுவும் வருவதில்லை. நேற்று ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருந்தபோது அதை நினைத்துக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

தம்பி


மே 19

அன்புள்ள தம்பிக்கு,

நான்கு நாள். இந்த எண்ணை வாங்கிக்கொண்டேன். வைத்துக்கொள்கிறேன்.

நேற்று ரெஜிஸ்டரை எடுத்தேன். எண் 32, நீர்மட்டம் அளப்பவர், முடிவு வௌவால் என்று என் கையெழுத்தில் இருந்தது. சிவப்பு மையால் அடித்தேன். அதற்குக் கீழே, "சாட்சி பார்த்தது உண்மை. சொன்னது எல்லாம் சரி. பதிவு செய்தவர் பின்பக்கத்தைப் படிக்கவில்லை" என்று எழுதி, என் முழுக் கையெழுத்தையும் தேதியையும் போட்டேன்.

இயக்குநர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "இதையெல்லாம் ரெஜிஸ்டர்ல எழுதணுமா?" என்றார்.

"நடந்துச்சே சார்" என்றேன்.

ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு அவரும் கீழே கையெழுத்துப் போட்டார். அதன் நகலை அருங்காட்சியக முத்திரையோடு உன் இன்ஜினியருக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். நீ மார்ச் மாதம் கேட்ட கடிதம்தான். மே மாதம் எழுதியிருக்கிறேன்.

படிவத்தையும் மாற்றச் சொன்னேன். "ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோதும் தெரிந்ததா? எந்தக் கண்?" என்று ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம். முன்பக்கத்தில், முதல் கேள்வியாக. இதெல்லாம் உனக்கு எதையும் திருப்பித் தராது. தெரியும். வெறுமனே உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால் செய்கிறேன்.

எலும்புக்கூட்டைத் தூசி தட்ட வேறு ஆளைப் போடச் சொல்லிவிட்டேன். அண்ணாந்து பார்க்க முடியவில்லை என்னால்.

அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

இன்ஜினியர் உன் கடிதத்தை இந்தத் தடவை இரண்டு கையாலும் பிடித்துப் படித்தார். படித்துவிட்டு எழுந்து நின்றார். "தப்பா பேசிட்டேன்யா" என்றார். பிறகு என்னை அளவெடுக்கும் படிக்கட்டு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். முதல் படியில் கால் வைத்தேன், அது நான் நினைத்ததைவிட ஒரு சாண் கீழே இருந்தது. சட்டென்று என் கையைப் பிடித்துவிட்டார். "வேண்டாம்யா, உன்னை இறக்கிவிட எனக்கு மனசு வரல" என்றார். எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கேன்டீனில் இப்போது யாரும் பறந்து காட்டுவதில்லை. புது ஆள் குறிப்புக் கட்டத்தில் என்ன எழுதலாம் என்று என்னை வந்து கேட்கிறான். பார்த்ததை எழுது என்று சொல்கிறேன்.

சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் புதுப் படிவத்தின் முதல் கேள்வி இருக்கிறதே, அதை நீ கண்டுபிடிக்கும் முன்னால் நான் கண்டுபிடித்துவிட்டேன். மார்ச் 18. ஸ்டோர் ரூமில் இரண்டாம் நாள். ஜன்னல் பக்கம் நின்றபோது இறக்கை வந்தது. என்ன தோன்றியதோ, இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். அது இல்லை. கையை எடுத்தேன், வந்தது. அளவைச் சரிபார்க்க மூன்று முறை பார்ப்பது என் வழக்கம். மூன்று முறையும் பார்த்தேன்.

என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது வெளியே இல்லை, என்னிடம்தான் இருக்கிறது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் பஸ் இருந்தது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

நான் போகவில்லை அக்கா. போனால் அந்த இறக்கை பொய்யாகிவிடும், நீ போட்ட டிக்கே தேவலை என்று ஆகிவிடும், நீ சிரிப்பாய். அப்படித்தான் நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். மாத முடிவில் பாதி உலகம் இருட்டி, கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு, லீவு போட்டுவிட்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வீம்பு விடவில்லை.

ஆஸ்பத்திரியில் உன்னை வெளியே அனுப்பியது தேதி கேட்பதற்கு மட்டும் இல்லை. இதை டாக்டரிடம் சொல்வதற்கு. இருபத்திரண்டு வருடத்தில், கண்ணால் பார்த்தும் நான் எழுதாமல் விட்ட ஒரே அளவு அது.

போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான்கு நாளையும் உன் தலையிலேயே போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். முதல் இரண்டு நாள்தான் உன்னுடையது. மற்ற இரண்டும் என்னுடையது. ரெஜிஸ்டரில் எண் 32க்குக் கீழே இடம் இருந்தால் இதையும் எழுதிக்கொள்: "மார்ச் 18, மாலை 5.40. சாட்சிக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை." கையெழுத்துப் போட நான் வருகிறேன். மூன்று மாதச் செக்கப்புக்கு ஆஸ்பத்திரி போகும்போது அப்படியே உன் ஊருக்கும் பஸ் ஏறிவிடுகிறேன். எலும்புக்கூட்டையும் ஒருதரம் பார்க்கிறேன், ஒரு கண்ணுக்கு அது எப்படி இருக்கிறது என்று.

கேன்டீன் போன் நம்பர் பழையதுதான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கூப்பிடு. இருமினாலும் பரவாயில்லை.

சோடாபுட்டி